ஜப்பானிய மனைவி, எட்டு மாதக் குழந்தையுடன் ஊர் திரும்புகிறேன்: எக்ஸ் விசாவா, ஓசிஐ வரை காத்திருப்பதா?

கரூர்_அமராவதி எழுதியது (ஜனவரி 2026):

எல்லோருக்கும் வணக்கம். டோக்கியோவில் நிஷி கசாயில் பத்து வருடமாக இருக்கிறேன். சொந்த ஊர் கரூர் பக்கம், அமராவதிக் கரையில் ஒரு கிராமம். போன நவம்பரில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன, பேச்சு குழறுகிறது. அம்மாவுக்கு அறுபத்தாறு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தபோது அம்மா போனை ஜன்னல் திட்டில் சாய்த்து வைத்துவிட்டு எழுந்து போனார், அணைக்க மறந்துவிட்டார். அப்பாவின் அக்குளில் தோளைக் கொடுத்து அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றப் பார்த்தார். மூன்று முறை முடியவில்லை. நான்காவது முறைதான் எழுப்பினார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, "போய்விடலாம். இனி இங்கே இருந்து என்ன செய்யப் போகிறோம்?" என்றாள். முதலில் சொன்னது அவள்தான். எனக்கு அதைச் சொல்லத் தைரியம் வரவில்லை.

மார்ச் கடைசியோடு வேலையை விடுகிறேன். ஏப்ரல் முதல் வாரம் கிளம்ப எண்ணம். நான் இன்னும் இந்தியக் குடிமகன்தான், இங்கே நிரந்தர வசிப்புரிமை இருக்கிறது. மனைவி ஜப்பான் பாஸ்போர்ட். மகள் போன மே மாதம் இங்கேதான் பிறந்தாள். அவளுக்கு இன்னும் எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் எடுக்கவில்லை.

என் குழப்பம் கல்யாணத் தேதியில் ஆரம்பிக்கிறது. 2024 பிப்ரவரியில் எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் தாலி கட்டினேன். பத்திரிகை அடித்து, ஊரைக் கூப்பிட்டு, பந்தி போட்டுச் செய்த கல்யாணம். ஆனால் பத்து நாள் லீவில் போனதால் அங்கே பதிவு செய்யவில்லை. திரும்பி வந்து, தூதரகத்தில் வாங்க வேண்டிய காகிதங்களை வாங்கி, எதோகாவா வார்டு அலுவலகத்தில் திருமண அறிவிப்பு கொடுத்தது 2024 செப்டம்பர் 12. மனைவிக்கு ஓசிஐ (ஓவர்சீஸ் சிட்டிசன் ஆஃப் இந்தியா என்ற ஆயுள்கால வசிப்பு அட்டை) கேட்க, கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருக்க வேண்டும் என்கிறார்கள். கோயில் கல்யாணத்திலிருந்து எண்ணினால் அடுத்த மாதமே முடிகிறது, இங்கேயே விண்ணப்பித்துவிடலாம். பதிவிலிருந்து எண்ணினால் செப்டம்பர். அதுவரை அப்பாவால் காத்திருக்க முடியாது.

இன்னொன்று. ஓசிஐ என்ற பெயரிலேயே 'சிட்டிசன்' என்ற வார்த்தை இருப்பதைப் பார்த்து மனைவி பயப்படுகிறாள். ஜப்பான் சட்டப்படி வேறு நாட்டுக் குடியுரிமையைத் தானாகக் கேட்டு வாங்கினால் ஜப்பான் குடியுரிமை போய்விடும். அவளுக்கு இங்கே அம்மா இருக்கிறார், ஒரே பெண். அந்தக் கதவு மூடிவிடக் கூடாது. ஊரில் கொஞ்சம் நிலம் இருக்கிறது, அதில் அவள் பெயரையும் சேர்க்க ஆசை. இதையெல்லாம் கடந்து வந்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

---

ஒசாகா_வாசி எழுதியது:

அப்பா சீக்கிரம் நடமாட வேண்டும் நண்பரே. ஜப்பான்காரர்களுக்கு இந்தியாவில் இறங்கியதும் விசா கொடுக்கும் வசதி 2016 முதல் இருக்கிறது, சென்னை விமான நிலையத்திலும் உண்டு. உங்கள் மனைவி அப்படியே வந்து இறங்கட்டும். மற்றதை ஊரில் இருந்துகொண்டு மெதுவாக மாற்றிக்கொள்ளலாமே? என் மனைவி விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அதில்தான் வருகிறாள், ஒரு பிரச்சினையும் இல்லை.

---

கிழக்கு_தாம்பரம் எழுதியது:

தம்பி, முதலில் அப்பாவைப் பற்றி. என் அப்பாவுக்கும் வந்தது. முதல் ஆறு மாதம் பிசியோதெரபியை ஒரு நாள் கூட விடாதீர்கள். சீக்கிரம் போக நினைக்கிறீர்களே, அது சரியான முடிவு.

ஒசாகா நண்பர் நல்ல மனதோடு சொல்கிறார், ஆனால் தயவு செய்து அதைச் செய்யாதீர்கள். இறங்கியதும் தரும் விசா அறுபது நாள்தான். சுற்றுலா, வியாபாரப் பயணம், மாநாடு, மருத்துவம் என்று குறுகிய வேலைகளுக்கானது. குடியேற வருபவருக்கு அது பொருந்தாது. அதைவிடப் பெரிய சிக்கல், சுற்றுலா விசாவில் இருப்பவர் இந்தியாவுக்குள் இருந்துகொண்டு ஓசிஐக்கு விண்ணப்பிக்கவே முடியாது. அறுபது நாளில் கைக்குழந்தையோடு மறுபடி டோக்கியோவுக்குப் பறக்க வேண்டியிருக்கும்.

நான் நகோயாவில் ஒன்பது வருடம் இருந்துவிட்டு 2018 ஜூனில் திரும்பியவன். மனைவி கிஃபு பக்கத்துச் சிற்றூர். நாங்கள் 2015-இல் பதிவுத் திருமணம் செய்ததால் இரண்டு வருடக் கணக்கு எங்களுக்குத் தொந்தரவு தரவில்லை. ஆனால் ஊருக்கு வருகிற அவசரத்தில் அங்கிருந்தே ஓசிஐ போடாமல், குடும்பத்தினருக்குத் தரும் எக்ஸ் விசாவில் வந்து இங்கே போட்டோம். அதனால் நீங்கள் நடக்கப் போகும் பாதை முழுவதும் எனக்குப் பழக்கம்.

தேதிக் கணக்கு: 1955 குடியுரிமைச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைப் பாருங்கள். இந்தியக் குடிமகனின் வெளிநாட்டு மனைவியோ கணவரோ ஓசிஐ கேட்டால், திருமணம் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும், விண்ணப்பம் கொடுக்கும் நாளுக்கு உடனே முந்தைய இரண்டு வருடம் அது தொடர்ந்து நீடித்திருக்க வேண்டும் என்கிறது. ஜப்பானில் வார்டு அலுவலகம் அறிவிப்பை ஏற்றுக்கொண்ட நாள்தான் திருமண நாள். உங்கள் மனைவியின் கோசெகியில், அதாவது அவர்களுடைய குடும்பப் பதிவேட்டில், 2024 செப்டம்பர் 12 என்றுதான் இருக்கும். நீங்கள் கையில் கொண்டுபோகும் ஒரே பதிவுச் சான்று அதுதான். கோயிலில் நடந்தது உங்களுக்கும் ஊருக்கும் கல்யாணம், அதில் எந்தக் குறையும் இல்லை. விண்ணப்பத்தில் அந்தத் தேதியைப் போட்டு கோசெகியை இணைத்தால் இரண்டும் முட்டிக்கொண்டு நிற்கும். 2026 செப்டம்பர் 12 வரை ஓசிஐயை மறந்துவிடுங்கள்.

இதற்காக டோக்கியோவில் காத்திருக்க வேண்டியதே இல்லை. இந்தியாவுக்குள் இருந்து ஓசிஐ கேட்பவர் தொடர்ந்து ஆறு மாதம் இங்கே வசித்திருக்க வேண்டும் என்று இன்னொரு விதி இருக்கிறது. ஏப்ரல் முதல் வாரம் இறங்கினால் அக்டோபர் முதல் வாரம் ஆறு மாதம் முடியும். அதற்குள் உங்கள் இரண்டு வருடமும் முடிந்திருக்கும். இரண்டு கணக்கும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வந்து சேர்கின்றன. எக்ஸ் விசாவில் வாருங்கள், அக்டோபரில் இங்கேயே ஓசிஐ போடுங்கள். நடுவில் உங்கள் மனைவி நாட்டை விட்டு வெளியே போய் வராமல் இருப்பது நல்லது, கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் சங்கடம்.

எக்ஸ் விசா என்பது என்ட்ரி விசா. இந்தியர்களின் வெளிநாட்டு மனைவி, கணவர், பிள்ளைகளுக்கு அதில் தனிப் பிரிவே உண்டு. ஐந்து வருடம் வரை தருகிறார்கள், அதையே கேளுங்கள். ஸ்டிக்கர் கைக்கு வந்ததும் வெளியே வருவதற்கு முன்பே அதில் உள்ள சின்ன எழுத்தைப் படியுங்கள். சிலருக்கு 'பதினான்கு நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும்' என்று இருக்கும், சிலருக்கு 'ஒவ்வொரு முறையும் 180 நாளுக்கு மேல் தங்கக் கூடாது' என்று இருக்கும். உங்களுக்கு முதல் வகை வேண்டும். ஊரில் குடியேறப் போகிறோம் என்று விண்ணப்பத்தோடு வைக்கும் கடிதத்திலேயே தெளிவாக எழுதுங்கள்.

இப்போது காகிதம். இந்த இடத்தில்தான் எனக்கு இரண்டு மாதம் போயிற்று, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கோசெகியின் முழுப் பிரதியை எடுத்து, ஜப்பான் வெளியுறவு அமைச்சகத்தில் அபோஸ்டில் (காகிதம் வெளிநாட்டில் செல்லுபடியாகத் தரும் சான்று) வாங்க வேண்டும். எடுத்து மூன்று மாதத்துக்குள் இருக்கும் பிரதியாக இருக்க வேண்டும். டோக்கியோவில் கசுமிகசேகியிலேயே இருக்கிறது, உங்களுக்குப் பக்கம். தபாலிலும் செய்யலாம், நாங்கள் நகோயாவிலிருந்து அப்படித்தான் செய்தோம். இரண்டு மூன்று பிரதிகளாக வாங்கி வையுங்கள். விசாவுக்கு ஒன்று, ஓசிஐக்கு ஒன்று, வீட்டில் ஒன்று.

கோசெகி முழுக்க ஜப்பானிய மொழியில் இருக்கும், ஆங்கில மொழிபெயர்ப்பு சேர்க்க வேண்டும். நான் ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனத்திடம் கொடுத்தேன். என் பெயர் 'வேல்' என்று முடியும். கோசெகியில் அது கதகானா எழுத்தில் 'பெரு' என்று ஆகியிருந்தது. அவர்கள் மொழியில் 'வ' இல்லாததால் 'ப' வைக்கிறார்கள், 'ல்' என்பது 'ரு' ஆகிவிடுகிறது. மொழிபெயர்த்தவர் என் பாஸ்போர்ட்டைப் பார்க்காமல் காதுக்குக் கேட்டபடி அந்தப் 'பெரு'வையே ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார். போதாக்குறைக்கு, நமக்குக் குடும்பப் பெயர் கிடையாதே, இனிஷியலை விரித்து எழுதிய என் அப்பாவின் பெயர் அங்கே குடும்பப் பெயர் இடத்தில் போய் உட்கார்ந்திருந்தது. விளைவு, பாஸ்போர்ட்டில் ஒரு ஆள், திருமணச் சான்றில் இன்னொரு ஆள். இருவரும் ஒருவரே என்று நிரூபிக்கச் சொல்லி விண்ணப்பம் திரும்பி வந்தது. என் மனைவி அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் கல்யாணம் செய்துகொண்டது யாரை?" என்று கண் கலங்கக் கேட்டதை நான் மறக்கவில்லை.

ஆகவே மொழிபெயர்ப்பாளருக்கு உங்கள் பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் சேர்த்தே அனுப்புங்கள். பெயர்களை அதில் உள்ள எழுத்துப்படி ஒவ்வொரு எழுத்தாகப் போடச் சொல்லுங்கள். இரண்டு வடிவமும் ஒரே ஆளைக் குறிப்பவை என்று ஓர் உறுதிமொழிப் பத்திரமும் தயாராக இருக்கட்டும். உங்கள் பாஸ்போர்ட்டில் மனைவி பெயர் ஏறவில்லை என்றால் இப்போதே தூதரகத்தில் கொடுத்து ஏற்றிவிடுங்கள், பின்னால் கேட்கிற இடங்களில் எல்லாம் உதவும்.

இங்கே இறங்கியதும் பதினான்கு நாளுக்குள் பதிவு. எங்கள் காலத்தில்தான், 2018-இல், எஃப்ஆர்ஆர்ஓ (வெளிநாட்டவர் பதிவு அலுவலகம்) வேலையெல்லாம் ஆன்லைனுக்கு வந்திருந்தது. 2025 செப்டம்பர் 1 முதல் பழைய வெளிநாட்டவர் சட்டங்களை எடுத்துவிட்டுப் புதிய ஒரே சட்டம் கொண்டு வந்திருக்கிறார்கள். பழைய பதிவுகளில் 1946 சட்டம், 1939 சட்டம் என்று எழுதியிருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பதினான்கு நாள் அப்படியேதான் இருக்கிறது.

அதற்கு முன்னால், ஃபார்ம் சி என்று எல்லோரும் அழைத்துவந்த அறிவிப்பு ஒன்று உண்டு. வெளிநாட்டவரைத் தங்க வைக்கும் வீட்டுக்காரர் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். விடுதிக்குத்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். சொந்த வீட்டில் சொந்த மருமகளைத் தங்க வைத்தாலும் தெரிவிக்க வேண்டும். முகவரிச் சான்று கேட்பார்கள். எங்கள் வீட்டு மின் இணைப்பு, 1996-இல் இறந்துபோன என் தாத்தா பெயரிலேயே இருந்தது. கிராமத்து வீடுகளில் இது சகஜம், இப்போதே அம்மாவிடம் கேட்டு மின் ரசீதில் யார் பெயர் என்று பாருங்கள். நாங்கள் அப்பா பெயரில் இருந்த வீட்டு வரி ரசீதையும், 'இவர் என் மருமகள், என் வீட்டில் வசிக்கிறார்' என்று அப்பா கையெழுத்துப் போட்ட கடிதத்தையும் வைத்தோம். உங்கள் அப்பாவுக்கு வலது கை வரவில்லை என்கிறீர்கள். இடது பெருவிரல் ரேகை வைத்து இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போடலாம். அம்மா பெயரில் ஏதாவது ரசீது இருந்தால் இன்னும் எளிது.

அக்டோபரில் ஓசிஐ விண்ணப்பம். இந்தியாவுக்குள் கட்டணம் 15,000 ரூபாய், வெளிநாட்டில் 275 டாலர். ஆன்லைனில் நிரப்பி, முகவரியைப் போட்டதும் எந்த அலுவலகம் என்று அதுவே காட்டும். எங்களுக்குச் சென்னை ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவன். அசல் காகிதங்களோடு இருவரும் போனோம். மனைவி கணவர் விண்ணப்பங்களில் பாதுகாப்பு விசாரணை முடிந்த பிறகுதான் அட்டை தருவார்கள், அதனால் நாள் ஆகும். எங்களுக்கு ஜனவரியில் போட்டு ஜூலையில் வந்தது.

நடுவில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு உள்ளூர் காவல் நிலையத்திலிருந்து ஏட்டு ஒருவர் வீட்டுக்கு வந்தார். நான் வேலைக்குப் போயிருந்தேன். மனைவி அப்பாவுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாளாம். அவர் வாசலில் நின்று தயங்க, இவள் "உள்ள வாங்க சார், உக்காருங்க, மோர் குடிக்கிறீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். அவர் கொண்டுவந்த கேள்விகளை எல்லாம் கேட்டார், எங்கே சந்தித்தீர்கள், எப்போது திருமணம், வீட்டில் யார் யார் என்று. கடைசியில் பக்கத்து வீட்டு அக்காவிடம் விசாரித்தபோது அந்த அக்கா, "அது எங்க தெருப் பொண்ணுங்க" என்றாராம். மனைவி இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள். தமிழ் நாலு வார்த்தை இப்போதிருந்தே சொல்லிக் கொடுங்கள். விசாரணைக்காகச் சொல்லவில்லை, உங்கள் அம்மாவோடு பகல் முழுக்க இருக்கப் போவது அவர்தான்.

குடியுரிமை பயத்துக்கு: ஓசிஐ குடியுரிமை அல்ல. நம் அரசியல் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஒப்புக்கொள்வதே இல்லை. ஓட்டு கிடையாது, இந்திய பாஸ்போர்ட் கிடையாது. ஆயுள் முழுக்க வந்து போகவும் வசிக்கவும் தரும் அனுமதி என்று எடுத்துக்கொள்ளுங்கள். என் மனைவியும் இதே பயத்தோடு நகோயாவில் சட்ட விவகார அலுவலகத்துக்குப் போய்க் கேட்டாள். அது குடியுரிமை இல்லை, உங்களுடைய ஜப்பான் குடியுரிமைக்கு ஒன்றும் ஆகாது என்றார்கள். அதற்குப் பிறகு சென்னையில் உள்ள ஜப்பான் துணைத் தூதரகத்தில் பாஸ்போர்ட்டும் புதுப்பித்துவிட்டாள். ஆனால் ஏழு வருடம் இங்கே வசித்த பிறகு இந்தியக் குடியுரிமைக்கே பதிவு செய்துகொள்ளலாம் என்று ஒரு வழி இருக்கிறது, உறவினர்கள் யாராவது அதைச் சொல்வார்கள். உங்கள் மனைவி பயப்படும் விஷயம் அதில்தான் நடக்கும். அந்தப் பக்கம் போகாதீர்கள்.

ஓசிஐயை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், எக்ஸ் விசாதான் ஐந்து வருடம் இருக்கிறதே, பிறகு பார்க்கலாம் என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். 2020 பிப்ரவரியில் மாமியாருக்கு இடுப்பு அறுவை சிகிச்சை என்று என் மனைவி கிஃபு போனாள். மூன்று வாரத்தில் திரும்புவதாகத் திட்டம். கொரோனாவால் மார்ச் 13-லிருந்து விசாக்களை நிறுத்தினார்கள், ஓசிஐயையும் சேர்த்துத்தான் நிறுத்தினார்கள். எங்கள் பையனுக்கு அப்போது மூன்று வயது, இங்கே என்னோடு இருந்தான். ராத்திரி போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு தூங்குவான். மே 22 அன்று அறிவித்த தளர்வில், ஒருவர் ஓசிஐ, மற்றவர் இங்கே நிரந்தரமாக வசிக்கும் இந்தியக் குடிமகன் என்ற தம்பதியரைச் சேர்த்தார்கள். ஜூனில் தில்லிக்கு வந்த மீட்பு விமானத்தில் இடம் கிடைத்தது. ஏழு நாள் விடுதியில், அப்புறம் வீட்டில் ஏழு நாள் தனியறையில். கதவின் இந்தப் பக்கம் பையனும் அந்தப் பக்கம் அவளுமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்குத் தெரிந்த இன்னொரு குடும்பத்தில் மனைவிக்கு எக்ஸ் விசா. அந்தத் தளர்வில் அவர்கள் வரவில்லை, அதற்குப் பிறகும் காத்திருந்தார்கள். அதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். அக்டோபரில் ஒரு வாரம் கூடத் தள்ளிப் போடாதீர்கள்.

பாப்பாவுக்கு இரண்டு வருடக் கணக்கு கிடையாது. அப்பாவோ அம்மாவோ ஒருவர் இந்தியக் குடியாக இருந்தாலே சிறு பிள்ளைக்கு ஓசிஐ கேட்கலாம். ஜப்பான் பாஸ்போர்ட் எடுத்து டோக்கியோவிலேயே இப்போதே போடுங்கள். அட்டை வருவதற்குள் பயணத் தேதி வந்துவிட்டால் அவளுக்கும் எக்ஸ் விசா கேட்டுக்கொள்ளலாம். இன்னொரு வழியும் உண்டு. பிறந்து ஒரு வருடத்துக்குள் தூதரகத்தில் பதிவு செய்தால் அவள் இந்தியக் குடியாகவே ஆகலாம், ஆனால் வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எதுவென்று கிளம்புவதற்கு முன்பே நீங்கள் இருவரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். நாங்கள் பையனுக்கு ஓசிஐ எடுத்தோம், அம்மாவும் பிள்ளையும் ஒரே பாஸ்போர்ட் வரிசையில் நிற்கட்டும் என்று.

உங்கள் நிரந்தர வசிப்புரிமையையும் விட்டுவிடாதீர்கள். விமான நிலையத்தில் தரும் சிறப்பு மறுநுழைவு ஒரு வருடம்தான். போவதற்கு முன் குடியேற்ற அலுவலகத்தில் கேட்டு, ஐந்து வருடம் வரை தரும் மறுநுழைவு அனுமதியை வாங்கி வையுங்கள். மாமியாருக்கு ஏதாவது என்றால் இருவரும் போய் நிற்க அது வேண்டும்.

---

புதுவைக்காரி எழுதியது:

தாம்பரம் அண்ணா எழுதியதற்கு மேல் கொஞ்சம்தான். என் விஷயத்தில் கணவர்தான் வெளிநாட்டவர், பிரான்ஸ். சட்டம் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான்.

எக்ஸ் விசாவில் இருக்கும் வரை அனுமதி வாங்காமல் வேலைக்குப் போகக் கூடாது. என் கணவருக்குப் பிரெஞ்சு சொல்லிக் கொடுக்கக் கூப்பிட்டார்கள், நாங்கள் பயந்து மறுத்துவிட்டோம். ஓசிஐ வந்த அடுத்த வாரம் சேர்ந்தார். உங்கள் மனைவி அங்கே ஆன்லைனில் ஏதாவது வேலை பார்ப்பவராக இருந்தால் இதைக் கிளம்புவதற்கு முன்பே கேட்டுத் தெளிவு செய்துகொள்ளுங்கள். ஓசிஐயிலும் பத்திரிகை வேலை, ஆராய்ச்சி, மலையேற்றம் போன்றவற்றுக்குத் தனி அனுமதி வேண்டும்.

நிலம். ஓசிஐ வைத்திருப்பவர் வீடு, மனை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க முடியாது. வாரிசாக வருவதற்குத் தடை இல்லை. அதனால் இப்போது அவசரப்பட்டு அவர் பெயரைப் பத்திரத்தில் சேர்க்கப் போக வேண்டாம். பத்திர எழுத்தர் "பார்த்துக்கலாம்" என்பார், கேட்காதீர்கள். மனசு இருந்தால் கரூர் டவுனில் ஒரு மனை அவர் பெயரில் வாங்கிக் கொடுங்கள்.

அட்டை வந்த பிறகும் ஒரு கடமை இருக்கிறது, பலர் மறந்துவிடுகிறார்கள். திருமணத்தின் வழியாக ஓசிஐ வாங்கியவர் ஒவ்வொரு முறை புதுப் பாஸ்போர்ட் எடுக்கும்போதும் மூன்று மாதத்துக்குள் அதன் பிரதியையும் புதுப் போட்டோவையும் ஆன்லைனில் ஏற்ற வேண்டும். திருமணம் நீடிக்கிறது என்ற உறுதிமொழியும் சேர வேண்டும். நீதிமன்றத்தில் திருமணம் முறிந்தால் ஓசிஐயை ரத்து செய்ய இடம் இருக்கிறது. இதை உங்கள் மனைவியிடம் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள், சகோதரரே. எல்லாவற்றையும் விட்டுவிட்டு உங்களோடு வருகிறவர், தன் நிலை எதில் நிற்கிறது என்று தெரிந்துகொண்டு வர வேண்டும்.

அப்புறம் பாப்பாவின் போட்டோ. சதுரமாக இருக்க வேண்டும், பின்புலம் வெளிர் நிறமாக இருக்கலாம், வெள்ளை கூடாது. நாங்கள் வெளிர் நீலப் படுக்கை விரிப்பில் மல்லாக்கப் படுக்க வைத்து மேலிருந்து எடுத்தோம். கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் ரேகை. விழித்திருக்கும்போது முஷ்டியைத் திறக்க மாட்டார்கள். பால் குடித்துத் தூங்கிய பத்தாவது நிமிடம் மை தடவினால் வந்துவிடும்.

---

ஒசாகா_வாசி எழுதியது:

நான் சொன்னது தவறு, மன்னியுங்கள். விடுமுறைக்கு வருவதும் குடியேறுவதும் ஒன்று என்று நினைத்துவிட்டேன். நானும் இரண்டு வருடத்தில் திரும்புகிறவன்தான், இதைச் சேமித்து வைத்துக்கொள்கிறேன்.

---

கரூர்_அமராவதி எழுதியது:

அண்ணா, அக்கா, என்ன சொல்வது என்றே தெரியவில்லை. நேற்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக மனைவிக்கு ஜப்பானிய மொழியில் சொன்னேன். திருமணம் முறிந்தால் என்ற இடத்தையும் விடாமல் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "மறைக்காமல் சொன்னாயே, அது போதும்" என்றாள். ஏழு வருட வழி வேண்டாம், ஓசிஐ போதும் என்று முடிவு செய்துவிட்டாள். அவள் அம்மாவிடமும் இன்று காலையிலேயே பேசிவிட்டாள்.

பாப்பாவுக்கு ஜப்பான் பாஸ்போர்ட் எடுத்து ஓசிஐ போடுகிறோம். தாம்பரம் அண்ணா சொன்ன 'ஒரே வரிசை' என்ற காரணம் அவளுக்குப் பிடித்துவிட்டது.

அம்மாவைக் கூப்பிட்டு மின் ரசீது கேட்டேன். எங்களுக்கும் தாத்தா பெயர்தான்! வீட்டு வரி அப்பா பெயரில் இருக்கிறது. சித்தப்பாவை வைத்துக் கடிதம் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன். அப்பா இடது கையால் பேனா பிடித்துப் பழகுகிறாராம், அம்மா சொன்னார். ரேகை வேண்டாம், கையெழுத்தே போடுகிறேன் என்று அடம் பிடிக்கிறாராம். பிசியோதெரபி வரும் தம்பியும் நல்ல பயிற்சிதான் என்று நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

என் பெயரில் 'ழ' வருகிறது. கோசெகியை எடுத்துப் பார்த்தேன், அதுவும் 'ரு'தான். மொழிபெயர்ப்புக்கு என் பாஸ்போர்ட்டின் இரண்டு பக்கத்தையும் சேர்த்து அனுப்பிவிட்டேன். திங்கட்கிழமை கசுமிகசேகி போகிறேன், மூன்று பிரதிகளோடு. விசா ஸ்டிக்கர் வந்ததும் அந்தச் சின்ன எழுத்தை இங்கே எழுதுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.